கேஸ் குழாய் ஓடும் மண்ணில் குழி எடுப்பது எப்படி

தென்னம்பிள்ளை வைக்க நம் பக்கத்தில் எடுக்கும் குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். எரிவாயுக் குழாயைப் புதைக்கும்போது அதன் முதுகுக்கு மேல் போடும் மண்ணும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குழாய்மேல் தெரியாமல் தென்னங்குழி எடுப்பவரின் கடைசிக் கடப்பாரைக் குத்து எங்கே விழும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

அந்த ஒரு மீட்டரும் புதைத்த நாளின் அளவு. அதன்பிறகு தோட்டத்தைச் சமன்செய்ய மேட்டு மண்ணை ஜேசிபி வாரியிருக்கும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வாய்க்கால் ஓரம் அரித்துப் போயிருக்கும். அந்த இடத்தில் குழாய் 60 சென்டிமீட்டரிலேயே கிடக்கும். ரோட்டை உயர்த்திய இடத்திலோ இரண்டு மீட்டருக்குக் கீழே போயிருக்கும். வரைபடமும் பலகையும் இங்கே குழாய் உண்டு என்று மட்டுமே சொல்லும். கையால் தோண்டிக் கண்ணால் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கமாகப் போகிறது என்பது தெரியும். அதுவரை இயந்திரம் தள்ளி நிற்க வேண்டும். இந்தக் குறிப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். ஜேசிபி ஓட்டுபவர்கள், குடிநீர்க் குழாயும் கேபிளும் போடும் ஒப்பந்தக்காரர்கள், கேரள–தமிழக எல்லையில் பாலக்காட்டுப் பக்கமுள்ள வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஊர்களின் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

மண்ணுக்குள் என்னென்ன ஓடுகின்றன

பாலக்காட்டுக் கணவாய் ரயிலுக்கும் ரோட்டுக்கும் வழிவிட்டது போலவே குழாய்களுக்கும் வழிவிட்டிருக்கிறது. கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூர் போகும் பெட்ரோல், டீசல் குழாய் ஒன்று. கொச்சியிலிருந்து சேலம் போகும் எல்பிஜி குழாய் இன்னொன்று. கெயில் நிறுவனத்தின் இயற்கை எரிவாயுக் குழாய் மூன்றாவது. அதன் கொச்சி–மங்களூர் பகுதி, 450 கிலோமீட்டர், 2021 ஜனவரி 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கூற்றநாட்டிலிருந்து வாளையார் நோக்கி ஒரு கிளை பிரிகிறது. இவை போக, வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் கேஸ் கொண்டுபோகும் ஊர்க் குழாய்கள் ரோட்டோரமாக வந்துகொண்டிருக்கின்றன.

எல்லாவற்றையும் 'கேஸ் லைன்' என்று ஒரே பெயரில் அழைப்பது நம் வழக்கம். குழி எடுப்பவருக்கு அந்த வழக்கம் ஆபத்து. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே போகும். எல்பிஜி காற்றைவிடக் கனம். குழியிலும் கிணற்றிலும் வாய்க்காலிலும் இறங்கித் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் மீத்தேன் பற்றும். எல்பிஜி பற்றுவதற்கு 2 சதவீதமே போதும்.

அழுத்தமும் ஒன்றல்ல. வீட்டு அடுப்புக்குள் வருவது 21 மில்லிபார், கையால் அடைக்கும் அளவுதான். தெருவில் ஓடும் பிளாஸ்டிக் குழாயில் 4 பார் வரை இருக்கும், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஊர்க் கேஸ் நிறுவனத்தின் இரும்புக் குழாயில் 49 பார் வரை போகும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெருங்குழாய்களில் 90 பார் அளவுக்கு வடிவமைத்தவை உண்டு.

வாசனையை நம்பி வேலை செய்யக் கூடாது. கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. அழுகிய முட்டைகோஸ் போன்ற நாற்றம் ஊருக்குள் விநியோகிக்கும் இடத்தில் சேர்க்கும் மருந்தால் வருவது. பெருங்குழாயில் ஓடும் இயற்கை எரிவாயுவில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்காது. மருந்து சேர்த்த கேஸும் களிமண் வழியாகக் கசிந்து வரும்போது வாசனையை மண்ணிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு மேலே வரும்.

பலகை

பெருங்குழாய் போகும் வழியில் வேலி, வரப்பு, ரோடு கடக்கும் இடங்களில் மஞ்சள் பலகையோ கல்லோ நட்டிருப்பார்கள். நிறுவனத்தின் பெயர், கிலோமீட்டர் எண், அவசரத் தொலைபேசி எண் மூன்றும் அதில் இருக்கும். கேரளப் பக்கத்தில் எழுத்து மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த வேலையாட்களுக்கு யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். 'வாதகம்' என்றால் எரிவாயு, வாத நோய் இல்லை. 'அபகடம்' என்றால் ஆபத்து. 'குழிக்கருது' என்றால் குழி தோண்டாதே என்று பொருள். தமிழ்க் காதுக்குக் குழியைப் பற்றிய ஏதோ கருத்து மாதிரிக் கேட்கும். வேலை தொடங்கும் காலையில் இந்த மூன்று சொல்லையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை.

இரண்டு பலகைகளுக்கு நடுவில் நூல் பிடித்துக் குழாய் அந்தக் கோட்டில்தான் போகிறது என்று முடிவுகட்டாதீர்கள். பாறையைச் சுற்றி, கிணற்றை ஒதுக்கி, மரத்தை விட்டு வளைத்துப் போட்டிருப்பார்கள். பலகையே இடம் மாறியிருப்பதும் உண்டு. உழவுக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி வரப்பு ஓரம் சாத்தி வைத்த கல் எந்த வழியையும் காட்டாது. சிறு பெட்டியோடு நிற்கும் கம்பத்தையும் கவனியுங்கள். அது குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கொடுக்கும் மெல்லிய மின்சாரத்தை அளக்கும் இடம். அதிலிருந்து ஒரு ஒயர் நேராகக் குழாய்க்குப் போகும். பொக்லைன் பக்கெட் அந்த ஒயரை இழுத்தால் குழாயோடு பற்றவைத்த இடத்தில் பிய்யும்.

முன்னறிவிப்பு

வேலைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் பலகையில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'கால் பிஃபோர் யு டிக்' செயலியிலும் இடத்தைக் குறித்துப் பதியலாம். அந்த இடத்தில் பதிந்துள்ள குழாய், கேபிள் உரிமையாளர்களுக்குத் தகவல் போகும். செயலியில் பதில் வராவிட்டால் 'குழாய் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா உரிமையாளரும் எல்லாக் குழாயையும் ஏற்றியிருப்பார்கள் என்ற நிச்சயம் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ், பொதுமராமத்து, ஊர்க் கேஸ் நிறுவனம் மூன்றிடமும் தனித்தனியாகக் கேட்பது அலைச்சல்தான், ஆனாலும் கேளுங்கள். எல்லை ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ரோட்டின் ஒரு பக்கம் பாலக்காடு, மறுபக்கம் கோயம்புத்தூர். இரண்டு மாவட்டத்துக்கும் ஊர்க் கேஸ் நிறுவனம் வேறு வேறு. குழி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து நிறுவனத்தைக் கேளுங்கள். ரோட்டைக் குறுக்கே கடந்தால் இரண்டு பேரையும் கேளுங்கள்.

சொந்த நிலத்தில் குழி எடுக்க யாரைக் கேட்பது என்று சிலர் நினைப்பார்கள். பெருங்குழாய் போகும் பட்டையில் நிலம் உங்களுடையதுதான், உழுது பயிர் செய்யலாம். ஆனால் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டப்படி அந்தப் பட்டையில் கட்டடம் கட்டுவதும், கிணறு, குளம், தொட்டி தோண்டுவதும், மரம் நடுவதும் கூடாது. பட்டையின் அகலம் உங்களுக்கு வந்த நோட்டீசில் இருக்கும். குழாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தென்னை, மா, பலா வேண்டாம். நிலக்கடலை, காய்கறி, சோளத்துக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போர்வெல் இந்தப் பட்டையில் போடவே கூடாது. ரிக் இறங்கும் வேகத்தில் ஒரு மீட்டர் ஆழம் வந்ததும் நிறுத்திப் பார்க்க யாராலும் முடியாது. பட்டைக்கு வெளியே போடும் போர்வெல்லுக்கும், ரிக் லாரி எந்த வழியாக வந்து நிற்கும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருங்குழாய்ப் பட்டைக்குள் வேலை என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். நிறுவனத்தின் ஆள் நேரில் நிற்க வேண்டும். அவர் வராத நாளில் வேலை கிடையாது. அனுமதிச் சீட்டில் எழுதிய தூரங்கள் இங்கே சொல்லும் தூரங்களைவிடக் கூடுதலாக இருந்தால் சீட்டுதான் கணக்கு.

கருவி சொல்வதும் சொல்லாததும்

லொக்கேட்டர் என்ற மின்காந்தக் கருவி இரும்புக் குழாயை நன்றாகக் காட்டும். தெருவில் போகும் பிளாஸ்டிக் குழாயைக் காட்டாது, கூடவே செம்பு ஒயர் போட்டிருந்தால் ஒழிய. தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும் என்று வாடகைக்கு விடுபவர்கள் சொல்வார்கள். மணல் மண்ணில் அது உண்மை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துக் கரிசலில், அதுவும் ஈரமாக இருக்கும்போது, களிமண் அலையை விழுங்கிவிடும். திரையில் வெறும் மூட்டம்தான் தெரியும். ரேடார் ஒன்றும் காட்டவில்லை என்று பக்கெட்டை இறக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு எதிரில் யாருமில்லை என்று சொல்வதைப் போன்றது.

குறித்த கோட்டைச் சுண்ணாம்புத் தூளால் மட்டும் போடாதீர்கள். ஒரு மழைக்கு அழியும், ஒரு டிப்பர் ஓடினால் மறையும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். முளையை 30 சென்டிமீட்டருக்கு மேல் அடிக்க வேண்டாம். அடிக்கும் இடம் கோட்டிலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

சோதனைக் குழி

குறித்த கோட்டுக்குக் குறுக்காக 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் வாய் போடுங்கள். கோட்டுக்கு நேர் மேலே தொடங்கி நெட்டுக்குத்தாக இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு ஓரத்தில் ஆழமாக இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் கோட்டை நோக்கி மண்ணைச் சரித்து வர வேண்டும். மேலிருந்து விழும் குத்துக்கு ஆளின் எடையும் கருவியின் எடையும் சேர்ந்துகொள்ளும். பக்கவாட்டில் மண்ணைச் சீவி வரும் மண்வெட்டிக்கு அந்த வேகம் கிடையாது. குழாயின் வயிறு மெதுவாகத் தெரிய வரும்.

கடப்பாரையும் பிக்காசும் மேல் 30 சென்டிமீட்டருக்கு மட்டும். தாரையோ கல்லையோ பெயர்க்க அவை வேண்டும், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. குழிக்குள் வைத்திருக்கவே வேண்டாம், மேலே அனுப்பிவிடுங்கள். கையில் இருந்தால் குத்தத் தோன்றும். மாசி, பங்குனியில் கரிசல் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும், மண்வெட்டி ஏறாது; அப்போதுதான் கடப்பாரைக்கு ஆசை வரும். அதற்கு வழி தண்ணீர்தான். முதல்நாள் சாயங்காலம் குழி வாயில் இரண்டு மூன்று குடம் ஊற்றி ஊறவிட்டால் காலையில் மண்வெட்டி இறங்கும். கஞ்சிக்கோட்டுப் பக்கத்துக் கல் கலந்த மண்ணில் இது நடக்காது. அங்கே சிறு உளியை, குழாய் இருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். அரை நாள் போகும்; போகட்டும்.

தோண்டும்போது மண் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வரும். கறுப்பு மண்ணுக்குள் திடீரென்று ஆற்று மணலோ சலித்த மண்ணோ வந்தால் அது குழாய்க்குப் போட்ட படுக்கை. இரண்டு மூன்று நிற மண் கலந்து பொலபொலவென்று வந்தால் முன்பே ஒருமுறை தோண்டிய இடம். மஞ்சள் எச்சரிக்கை விரிப்பு தெரிந்தால் குழாய் அதற்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே இருக்கும். விரிப்பைக் கிழித்து எறியாதீர்கள். திரும்பப் போட வேண்டும். இதற்குக் கீழே கொத்தனாரின் கரண்டியும் கையும் மட்டும்.

விரிப்பு இல்லாத இடத்தில் குழாய் இல்லை என்று நினைக்கக் கூடாது. பள்ளம் வெட்டாமல் மண்ணுக்கு அடியில் பக்கவாட்டில் போர் (துளை) போட்டுக் குழாயை இழுத்த பகுதியில் விரிப்பும் இருக்காது, மணலும் இருக்காது.

குழாய் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று ஏறி வந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் இன்னும் அரை மீட்டர் போய்ப் பாருங்கள். பெருங்குழாயின் அதே பள்ளத்தில் அதன் கட்டுப்பாட்டுத் தகவலைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போகும். அதை வெட்டினால் கேஸ் வராது. ஆனால் தூரத்தில் வால்வை மூடச் சொல்லும் தகவல் போகும் வழிக்குச் சேதம் வரும்.

இங்கே ஒரு நிறக் குழப்பம் உண்டு. ஊர்க் கேஸின் பிளாஸ்டிக் குழாய் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். கேபிள் உறைகளிலும் ஆரஞ்சு நிறம் உண்டு. 'இது பழைய கேபிள் பைப்' என்று ரம்பம் போட்டு அறுத்து, உள்ளே 4 பார் கேஸ் இருப்பதை அப்போது கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். குழாய்மேல் அச்சடித்த எழுத்தைத் துடைத்துப் படியுங்கள். எழுத்து இல்லை என்றால் அது கேஸ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் குழாயில் நீலக் கோடு இருந்தால் தண்ணீர்.

குழியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்? முதலில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் நீட்டுங்கள். பிறகு ஆழம். அதற்கும் கிடைக்காவிட்டால் நிறுவனத்துக்குத் திரும்பப் பேசுங்கள். 'இல்லை போலிருக்கிறது' என்று எந்தக் குழியும் முடிய வேண்டாம்.

குழாயோடு இணையாகப் பள்ளம் போகும் வேலைக்கு 10 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி போதும். வளைவில் 3 மீட்டருக்கு ஒன்று. குறுக்கே கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் கட்டாயம் ஒன்று. ஒவ்வொரு குழியிலும் குழாய் முதுகு வரை உள்ள ஆழத்தை டேப் வைத்து அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் எங்கே நிற்க வேண்டும்

கண்ணால் பார்க்காத பெருங்குழாய்க்கு 3 மீட்டருக்குள் பக்கெட் போகக் கூடாது. பார்த்த பிறகும் ஒன்றரை மீட்டருக்குள் கை வேலைதான். தெருவின் பிளாஸ்டிக் குழாய்க்கு, பார்த்த பிறகு, ஒரு மீட்டர்.

பக்கெட்டின் பற்களுக்குக் குறுக்கே ஒரு தகட்டை வெல்டு வைத்து மொட்டையாக்கி விடுங்கள். ஆபரேட்டர்களுக்கு இது பிடிக்காது. இறுகின மண்ணில் வேலை ஓடாது, மணிக்கணக்குக் கூலியில் முதலாளி முகம் சுளிப்பார். ஆனால் மொட்டைப் பக்கெட் குழாயைத் தொட்டால் அநேகமாக உறையைச் சிராய்க்கும். பல் தொட்டால் இரும்பிலேயே பள்ளம் விழும். ஒரு முறைக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் எடுக்காமல், பள்ளத்தின் நீளவாக்கில் மண்ணைச் சீவி வர வேண்டும். குழாயைத் தாண்டி அந்தப் பக்கம் பக்கெட்டைப் போட்டு இந்தப் பக்கம் இழுக்கவே கூடாது.

பக்கெட்டை மட்டும் பார்த்தால் போதாது. ஜேசிபி தோண்டும்போது பின்ஜாக்கிகள் இரண்டும் வண்டியின் எடையை ஒரு சின்னத் தட்டில் இறக்கும். மழைக்காலக் கரிசலில் அவை முழங்கால் ஆழம் புதைவதைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்கிக்குக் கீழே 60 சென்டிமீட்டரில் ஊர்க் கேஸ் குழாய் கிடந்தால் பக்கெட் படாமலே அது நசுங்கும். வண்டியைக் குழாய்மேல் நிறுத்தாதீர்கள். மண் ஏற்றிய டிப்பர் குழாயைக் கடக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே இடத்தில், இரும்புத் தகடோ மரக்கட்டையோ பரப்பி, நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். எடுத்த மண்ணைக் குழாய்மேல் குவிக்க வேண்டாம்.

பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று பக்கெட் நுனியை மட்டும் பார்ப்பார். கை உயர்ந்தால் வண்டி நிற்க வேண்டும். அவர் கையில் மண்வெட்டியும் போனும் இருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் முதலில் விடுபடுவது இந்த வேலைதான்.

ரோட்டுக்குக் குறுக்கே இயந்திரப் போர் போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. கேஸ் குழாயைக் கடக்கும் இடத்தில் முன்பே குழி எடுத்துக் குழாயைத் திறந்து வைத்து, போர் தலை அதைக் கடந்து போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் தப்பிப் போயிருக்கும். துளையை அகலமாக்கிக்கொண்டு திரும்பி வரும் ரீமர் பெரியது, அந்த இடைவெளியைத் தின்றுவிடும். இரண்டு ஓட்டத்துக்கும் குழி திறந்தே இருக்கட்டும். புதிதாகப் போடும் எதற்கும் கேஸ் குழாய்க்கும் நடுவே கடைசியில் குறைந்தது 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பெருங்குழாய் நிறுவனங்கள் பெரும்பாலும் இன்னும் கூடுதலாகக் கேட்கும்.

திறந்து கிடக்கும் குழாய்

பிளாஸ்டிக் குழாய் ஒரு மீட்டருக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் கீழே மணல் மூட்டையால் முட்டுக்கொடுங்கள். சங்கிலியோ கம்பியோ கட்டித் தூக்காதீர்கள். அகலமான பட்டைக் கயிறு மட்டும். வெயிலில் கிடந்தால் இளகும், ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். குழாய்மேல் ஏறி நிற்காதீர்கள், ஏணிப்படியாக்காதீர்கள். இரும்புக் குழாயில் வெல்டிங் எர்த் மாட்டுவது, சிமெண்ட் மிக்ஸருக்கு எர்த் எடுப்பது இரண்டும் பெரிய குற்றம்.

பள்ளம் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் சுவரைச் சாய்வாக வெட்டுங்கள், இல்லையென்றால் பலகை வைத்து முட்டுக்கொடுங்கள். கரிசல் காயும்போது நெட்டுக்குத்தாக வெடிக்கும். அந்த வெடிப்போடு ஒரு அடுக்கு அப்படியே சரிந்து குழாய்மேலும் ஆள்மேலும் விழும். எடுத்த மண் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். எல்பிஜி குழாய்ப் பள்ளத்துக்குள் இறங்கும் முன் கேஸ் மீட்டரைக் கயிறு கட்டித் தரை வரை இறக்கிப் பாருங்கள், அது கீழேதான் தேங்கும். தினமும் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை.

சிராய்ப்பு

பெருங்குழாய்மேல் மூன்று அடுக்கு பாலிஎத்திலீன் உறை இருக்கும். பக்கெட் பட்டு உள்ளங்கை அளவு உறை உரிந்தது, இரும்பில் ஒரு கோடு விழுந்தது, கேஸ் வரவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு யாராவது இரண்டு கூடை மண்ணைத் தள்ளுவார்கள். ஓட்டை போட்டவர் ஓடிப்போய்ச் சொல்வார், வேறு வழியில்லை. சிராய்த்தவருக்கு மறைக்க வழி இருக்கிறது. அதனால்தான் சிராய்ப்பு ஓட்டையைவிட மோசம்.

பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியன் என்ற இடத்தில் கட்டுமான வேலையில் இயந்திரம் பட்டுப் பெருங்குழாய் ஒன்றின் சுவர் மெலிந்திருந்தது. அப்போது வெடிக்கவில்லை. பின்னர் அழுத்தம் கூடிய 2004 ஜூலை 30 அன்று வெடித்தது. 24 பேர் இறந்தார்கள். கோடு விழுந்த இடத்தில் இரும்பின் தடிமன் குறைகிறது, அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வேலை செய்கிறது. உறை உரிந்த இடத்தில் ஈர மண் இரும்பைத் தொடுகிறது, துரு அங்கே கூடுகிறது. இரண்டுக்கும் மாதமோ வருடமோ ஆகலாம்.

எனவே குழாயைத் தொட்டது என்று சந்தேகம் வந்தாலே வேலையை நிறுத்தி, மூடாமல் விட்டு, நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து உறையில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் காட்டும் 'ஹாலிடே' கருவியை ஓட்டிப் பார்ப்பார்கள், வேண்டிய இடத்தில் ஒட்டுவார்கள். உறை ஒட்டுவது சில மணி நேர வேலை. ஒப்பந்தக்காரர்கள் ஆபரேட்டரின் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மிரட்டுவதை விட்டாலே பாதிச் சிராய்ப்புகள் வெளியே வரும்.

கேஸ் வந்துவிட்டால்

பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் சீறல் கேட்கும், தூசி கிளம்பும். டீசல் எஞ்சின் கேஸைக் காற்றோடு சேர்த்து இழுத்தால் ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் ஏறிக்கொண்டே போகும். சில நேரம் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆகவே உடைந்த நொடியில் எஞ்சினை அணைத்து இறங்குங்கள். அணையவில்லை என்றால் விட்டுவிட்டு ஓடுங்கள். அணைத்த வண்டியை நகர்த்துவதற்காகத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? காற்று வரும் திசையை நோக்கி. நம் கணவாயில் இது சுலபம். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், எனவே மேற்கே. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும், எனவே கிழக்கே. ஐயம் இருந்தால் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எல்பிஜி என்றால் மேட்டுக்குப் போங்கள். தரையோடு வெள்ளைப் புகை மாதிரி நகரும், வாய்க்காலிலும் கிணற்றிலும் இறங்கும், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பெருங்குழாய் உடைந்தால் குறைந்தது 500 மீட்டர் தூரம் போய்விட்டுத்தான் மற்றதெல்லாம்.

போன், டார்ச், பீடி, வண்டிச் சாவி எதையும் அந்த இடத்தில் தொட வேண்டாம். தூரம் போய்ப் பலகையில் உள்ள எண்ணுக்கும் 112-க்கும் பேசுங்கள், தீயணைப்பு 101. வாளையார், வேலந்தாவளம் பக்கத்தில் போன் அடுத்த மாநில டவரைப் பிடித்திருக்கலாம். ஆகவே முதல் வார்த்தையாக மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்துப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு பலகையின் கிலோமீட்டர் எண். அந்த எண்ணையும் தொலைபேசி எண்ணையும் வேலை தொடங்கும் முன்பே எல்லோர் போனிலும் ஏற்றி வைத்தால் அப்போது பலகையைத் தேடி ஓட வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை, அடிக்கடி செய்யப்படுபவை:

ஓட்டை மேல் மண்ணைப் போட்டு அமுக்குவது. கேஸ் நிற்காது, மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து சாக்கடை வழியாகப் பக்கத்து வீட்டு அறைக்குள் வரும்.

பிளாஸ்டிக் குழாயை மடக்கிக் கட்டுவது, துணி சுற்றுவது. வேகமாக வெளியேறும் கேஸும் தூசியும் குழாய்மேல் நிலை மின்சாரத்தை ஏற்றும். கை தொட்டதும் பொறி.

எரியும் கேஸை அணைப்பது. எரியும்வரை அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அணைத்தால் பரவித் தேங்கி வேறிடத்தில் பற்றும். வால்வு மூடும்வரை எரியட்டும். தீயணைப்புக்காரர்கள் சுற்றியுள்ளதை நனைத்துக் காப்பார்கள்.

கண்ணில் பட்ட வால்வைத் திருகுவது. எது எதற்கு என்று தெரியாமல் மூடினால் வேறு பக்கம் அழுத்தம் கெடும்.

பக்கத்து வீடுகளுக்குச் சொல்லும்போது காலிங் பெல்லை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வரட்டும்.

மூடுவது

நிறுவனத்தின் ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மூடக் கூடாது. குழாய்க்குக் கீழும் பக்கமும் மேலும் 15 சென்டிமீட்டர் மணலோ சலித்த மண்ணோ வர வேண்டும். தோண்டிய கரிசல் கட்டியை அப்படியே தள்ளினால் குழாய்க்கு அடியில் பொந்து விழும். அடுத்த மழையில் மண் இறங்கும்போது குழாயும் சேர்ந்து வளையும். கல், செங்கல் துண்டு, சிமெண்ட் பை, பழைய கம்பி ஒன்றும் உள்ளே போகக் கூடாது. ஒரு கூர்க்கல் உறைமேல் அழுந்திக்கொண்டே இருந்தால் ஒரு நாள் துளைத்துவிடும். 15 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகப் போட்டுக் கைத்திமிசால் இடியுங்கள். குழாய்க்கு மேல் 30 சென்டிமீட்டரில் எச்சரிக்கை விரிப்பை எழுத்து மேலே தெரியும்படி விரியுங்கள், கிழிந்திருந்தால் நிறுவனத்திடம் புதிதாகக் கேளுங்கள். அதிரும் ரோலர் 60 சென்டிமீட்டர் மண் ஏறிய பிறகுதான்.

பிடுங்கிய பலகைக் கல்லை அதே இடத்தில் நடுங்கள். நட்டபின் அதிலிருந்து அருகிலுள்ள கேஎஸ்இபி (கேரள மின்வாரிய) கம்பத்துக்கு எத்தனை மீட்டர், கம்பத்தின் எண் என்ன, குழாய் முதுகு எத்தனை ஆழம் என்று ஒரு தாளில் எழுதி, டேப் தெரியும் படங்களோடு ஒரு பிரதி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி பஞ்சாயத்து ஆபீசுக்கும் கொடுங்கள். நிலத்துக்காரரும் ஒன்று வைத்துக்கொள்ளட்டும், பத்திரத்தோடு சேர்த்து.